அடுத்து எதைப் படிப்பது? நூலகப் பட்டியல், அலமாரி, நூலகர் – மூன்றையும் பயன்படுத்தும் முறை (விவாத இழை)

#1 – வாசல்படி

வணக்கம் நண்பர்களே. ஒரு புத்தகம் முடிந்ததும் அடுத்தது என்ன என்று தேடினால், இணையப் பரிந்துரைகள் எல்லாம் திரும்பத் திரும்ப அதே தலைப்புகளைத்தான் காட்டுகின்றன. நூலகத்தில் இருக்கும் வசதிகளை மட்டும் வைத்து அடுத்த புத்தகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? "நிறைய வாசியுங்கள், தானாகத் தெரியும்" போன்ற பதில்கள் வேண்டாம். எங்கே பார்க்க வேண்டும், எதைச் சொடுக்க வேண்டும், எந்த இடத்தில் தவறும் என்று சொல்லுங்கள். புனைவு, அபுனைவு இரண்டுக்கும் வேண்டும்.

#2 – பட்டியல்மேசை

முதலில் தேடுபெட்டியில் புதிதாக எதையும் தட்டாதீர்கள். கடைசியாகப் படித்துப் பிடித்துப்போன புத்தகத்தின் பதிவை ஓபேக்கில் (நூலகத்தின் கணினிப் பட்டியலில்) திறங்கள். பலரும் தலைப்பையும் "இருப்பில் உள்ளது" என்ற வரியையும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். தேவையான சங்கதி அதற்குக் கீழேதான் இருக்கிறது.

பொருள் தலைப்புகளைப் பாருங்கள். அவை பெரும்பாலும் சொடுக்கக்கூடிய இணைப்புகள். சொடுக்கினால், நூலகர்கள் அதே தலைப்பின் கீழ் வைத்த எல்லா நூல்களும் வரும். இது சொல் தேடல் இல்லை. சொல் தேடலில் "கடல்" என்று போட்டால் தலைப்பில் கடல் உள்ள கவிதைத் தொகுப்பும் வரும், மீன்பிடிச் சட்டமும் வரும். பொருள் தலைப்பில் ஒரு மனிதர் நூலைப் பார்த்து "இது எதைப் பற்றியது" என்று முடிவு செய்திருக்கிறார். ஆயிரக்கணக்கில் வந்தால் துணைத் தலைப்புள்ள வரியைத் தேர்ந்தெடுங்கள்: "வரலாறு", "கதைகள்", "நாட்குறிப்புகள்" என்று பின்னால் ஒட்டியிருக்கும். இரண்டு மூன்றே நூல்கள் வந்தால் பின்னொட்டை விட்டுவிட்டு ஒரு படி மேலே போங்கள்.

கோஹா போன்ற நூலக மென்பொருள்களில் "மார்க் பார்வை" என்று ஒரு தாவல் இருக்கும். பதிவின் ஒவ்வொரு தகவலும் ஒரு புலம், ஒவ்வொரு புலத்துக்கும் ஓர் எண். மூன்றிலக்க எண்களைப் பார்த்து மிரள வேண்டாம். வாசகருக்குப் பயன்படுபவை சிலதான்: 650 பொருள் தலைப்பு. 655 இலக்கிய வகை. 700 மொழிபெயர்ப்பாளர், தொகுப்பாசிரியர் போன்ற துணைப் பெயர்கள். 490, 830 நூல் வரிசை. 505 உள்ளடக்கம். 504 பின்னிணைப்பாக நூற்பட்டியல் உண்டா என்ற குறிப்பு. 586 விருதுகள்.

இவற்றில் 700தான் என் கணக்கில் அதிகம் கவனிக்கப்படாதது. ஒரு மொழிபெயர்ப்பு பிடித்திருந்தால், மூல ஆசிரியரைத் தொடர்வதைவிட மொழிபெயர்ப்பாளர் பெயரைச் சொடுக்குவது நல்ல பலன் தரும். அவருடைய தேர்வும் நடையும் ஏற்கெனவே உங்களுக்கு ஒத்துவந்துவிட்டது. மூல ஆசிரியரின் மற்ற நூல்கள் வேறு யாராவது மொழிபெயர்த்ததாக இருக்கலாம்.

#3 – நீலஅட்டை

பட்டியல்மேசை சொல்வது சரி. ஆனால் அலமாரிக்குப் போகாமல் திரையிலேயே உட்கார்ந்திருப்பது அபுனைவில் பாதிப் பலனைத்தான் தரும். அழைப்பெண்ணை (நூலின் முதுகில் ஒட்டியிருக்கும், அலமாரி இடத்தைக் காட்டும் எண்) குறித்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போங்கள். இடப்பக்கம் ஒரு தட்டு, வலப்பக்கம் ஒரு தட்டு, மேலும் கீழும் ஒவ்வொன்று. தலைப்பை மட்டும் பார்த்துத் தள்ளாமல் எடுத்துப் பொருளடக்கத்தைப் பாருங்கள்.

கவனிக்க வேண்டியது: பல நூலகங்கள் நூல்களுக்கு எண் கொடுத்து அடுக்கும் முறையான டியூயி தசமப் பகுப்பு துறைவாரியாகப் பிரிக்கிறது, பொருள்வாரியாக இல்லை. அதனால் ஒரே பொருள் பல இடங்களில் சிதறிக் கிடக்கும். கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். கடலியல் 551.46இல். கடல் உயிரினங்கள் 578.77இல். மீன்பிடித் தொழில் 639.2இல். கப்பல் போக்குவரத்து 387இல். கடற்பயணக் கதைகள் 910.45இல். கடல் சட்டம் 341.45இல். 551இல் மட்டும் நின்றுவிட்டு "கடல் பற்றி நாலு புத்தகம்தான் இருக்கிறது" என்று திரும்பிவிடுவது சகஜம். இந்தச் சிதறலையே வாய்ப்பாகவும் கொள்ளலாம். கடலியல் நூல் பிடித்தவருக்கு அடுத்த கடலியல் நூலைவிட 910.45 அதிகமாகப் பிடிக்கக்கூடும்.

பெரிய அளவு நூல்கள் தனித் தட்டில் இருக்கும். அழைப்பெண்ணுக்கு முன்னால் ஏதாவது எழுத்தோ குறியோ இருந்தால் அதுதான் காரணம். திரும்பி வந்த நூல்களின் தள்ளுவண்டியையும் பாருங்கள். மற்றவர்கள் எடுத்துப் போய்த் திருப்பியவை அவை.

#4 – வரிசைஎண்

@நீலஅட்டை, அலமாரியில் ஒரு பெரிய குறை உண்டு. தட்டில் நிற்பவை மிச்சம் இருப்பவை. எல்லோரும் விரும்பி எடுக்கும் நூல் இரவலில் இருக்கும், நம் கண்ணில் படாது. ஆகவே இரண்டையும் சேர்க்க வேண்டும். ஓபேக்கில் "அலமாரியை உலாவு" என்ற இணைப்பு இருந்தால் அதைச் சொடுக்குங்கள். இரவலில் உள்ளவையும் சேர்த்து அழைப்பெண் வரிசையில் அட்டைகள் நிற்கும். இணைப்பு இல்லையென்றால் மேம்பட்ட தேடலில் "அழைப்பெண்" புலத்தில் 910.45 என்று மட்டும் கொடுத்து வரிசைப்படுத்துங்கள்.

புனைவுக்கு நிலைமையே வேறு. பெரும்பாலான பொது நூலகங்களில் நாவல்கள் ஆசிரியர் பெயர் வரிசையில் நிற்கும். பக்கத்து நூலுக்கும் இதற்கும் இருக்கும் ஒற்றுமை பெயரின் முதலெழுத்து மட்டுமே. அங்கே அக்கம்பக்கம் பார்ப்பதில் தர்க்கம் கிடையாது. கண்ணில் பட்டதை எடுப்பதும் ஒரு வழிதான், ஆனால் அதற்கு முறை என்று பெயர் வைக்க முடியாது.

டியூயியில் தமிழ் இலக்கியம் 894.811. அதற்குப் பின் வரும் இலக்கம் வடிவத்தைச் சொல்லும்: 1 கவிதை, 2 நாடகம், 3 புனைகதை, 4 கட்டுரை, 5 சொற்பொழிவு, 6 கடிதங்கள். எல்லோரும் 894.8113இல் நிற்கிறார்கள். ஒரு நாவலாசிரியரின் நடை பிடித்திருந்தால் 894.8114இலும் 894.8116இலும் அவர் இருக்கிறாரா என்று பாருங்கள். எழுத்தாளர்கள் தாம் படித்தவற்றைப் பற்றித் தாமே எழுதுவது கட்டுரையிலும் கடிதத்திலும்தான். அடுத்த பத்துப் புத்தகங்களின் பெயர் அங்கே கிடைத்துவிடும்.

#5 – ஏட்டுச்சுவடி

வரிசைஎண் சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, பலருக்குத் தெரியாது. இந்திய நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு என்ற அடுக்குமுறையைப் பின்பற்றும் நூலகங்களில் இலக்கிய ஆசிரியர்கள் அகர வரிசையில் நிற்க மாட்டார்கள். பிறந்த ஆண்டு வரிசையில் நிற்பார்கள். நூற்றாண்டுக்கு ஓர் ஆங்கில எழுத்து, பிறகு ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம். ஷேக்ஸ்பியர் 1564இல் பிறந்தவர், ஆகவே அவருடைய எண்ணில் "ஜே64" வரும். அப்படிப்பட்ட அலமாரியில் ஓர் ஆசிரியரின் பக்கத்தில் நிற்பவர் அவருடைய சமகாலத்தவர். ஒரே காலத்தில் வளர்ந்து ஒரே சூழலைப் பார்த்தவர்கள் தட்டில் தோளோடு தோள் நிற்பார்கள். அங்கே புனைவிலும் அக்கம்பக்கம் பார்ப்பது அர்த்தமுள்ள வேலை. முதுகில் இருக்கும் எண்ணில் முக்காற்புள்ளி அல்லது பெரிய ஆங்கில எழுத்து கலந்திருந்தால் உங்கள் நூலகம் கோலன் முறையில் இருக்கலாம். மேசையில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ரங்கநாதன் 1931இல் சொன்ன ஐந்து நூலகவியல் விதிகளில் "ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல்", "ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர்" என்று இரண்டு உண்டு. இந்த இழையில் நாம் பேசும் பட்டியல் வேலை முழுவதும் இவற்றில் பின்னதற்காகவே செய்யப்படுகிறது.

#6 – வாசல்படி

நன்றி. பொருள் தலைப்பு வழி ஆங்கில நூல்களுக்கு நன்றாக வேலை செய்கிறது. தமிழில் தேடினால் பல நேரம் "முடிவுகள் இல்லை" என்கிறது. நூல் அலமாரியில் இருக்கிறது, ஆனால் தேடலில் வரவில்லை. ஏன்?

#7 – பட்டியல்மேசை

இதற்குக் காரணம் ஒன்றல்ல. வழக்கமாக நடப்பவற்றைச் சொல்கிறேன்.

குறியேற்றம்: "கௌரவம்" என்பதைச் சிலர் ஔகாரக் குறியோடு தட்டுவார்கள். சிலர் ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு "கெளரவம்" என்று தட்டுவார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வெவ்வேறு சொற்கள். "ஸ்ரீ"யும் அப்படித்தான், யூனிகோடில் இரண்டு விதமாக எழுத வழி இருக்கிறது. ஒகர, ஓகாரக் குறிகளை ஒரே குறியாகவும் இடலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் இடலாம். நல்ல மென்பொருள் இந்தக் கடைசி வகையை இணைத்துக்கொள்ளும், எல்லாம் இணைப்பதில்லை. தீர்வு: அப்படிப்பட்ட எழுத்து வரும் சொல்லையே தவிர்த்து, தலைப்பில் உள்ள வேறொரு சொல்லால் தேடுங்கள்.

முதலெழுத்து: "எஸ்." என்று ஒரு பதிவு, "ச." என்று இன்னொரு பதிவு, புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டும் விடாமலும். முதலெழுத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் ஆசிரியர் புலத்தில் போடுங்கள். புனைபெயருக்கும் இயற்பெயருக்கும் இடையே "காண்க" இணைப்பு போடப்படாத பட்டியல்களும் உண்டு. இரண்டையும் தனித்தனியே தேடிப் பாருங்கள்.

சொல் முடிவு: தமிழில் வேற்றுமை உருபும் சந்தியும் சொல்லோடு ஒட்டிவிடும். "கடல்" என்று தேடினால் "கடலில்", "கடலோர", "கடற்கரை" எதுவும் வராது. நட்சத்திரக் குறி (பின்னால் எது வந்தாலும் ஏற்கும் குறி) வேலை செய்யும் அமைப்பாக இருந்தால், புள்ளி இல்லாமல் "கடல*" என்று போடுங்கள். புள்ளியோடு "கடல்*" என்று போட்டால் "கடலில்" சிக்காது, ஏனென்றால் அதில் லகரத்துக்குப் பின் புள்ளி இல்லை, இகரக் குறி இருக்கிறது. "கடற்கரை"க்குத் தனியாக "கடற*" தேட வேண்டும். மகர ஈற்றுச் சொற்களில் இன்னும் எச்சரிக்கை தேவை: "மரம்" பன்மையில் "மரங்கள்" ஆகும். "மர*" என்று போட்டால் மரணமும் மரபும் சேர்ந்து வந்துவிடும். அங்கே "மரம*", "மரங்க*", "மரத்த*" என்று மூன்று தேடல் நல்லது.

#8 – ஏட்டுச்சுவடி

இதோடு ஒன்று சேர்க்கிறேன். வெளிநாட்டு நூலகங்களின் பட்டியலிலும், உலக அளவிலான வேர்ல்ட்கேட் கூட்டுப் பட்டியலிலும் தமிழ் நூல்கள் பெரும்பாலும் ரோமன் எழுத்துப் பெயர்ப்பில் இருக்கும். அது நாம் அரட்டையில் தட்டும் எழுத்துப்பெயர்ப்பு இல்லை, எழுத்துக்கு எழுத்து கறாரான முறை. ககரம் எங்கே வந்தாலும் ஆங்கிலக் "கே", ஒலி மாறினாலும் "ஜி" ஆகாது. பகரம் எப்போதும் "பி"தான், புத்தகம் தொடங்கும் எழுத்து போல அழுத்தி ஒலித்தாலும் ஆங்கில இரண்டாம் எழுத்து வராது. சகரத்துக்கு "எஸ்" கிடையாது, "சி". ழகரம் அடியில் கோடிட்ட "எல்". ஆகவே நாம் பழகிய "இசட், எச்" கூட்டணியைத் தட்டினால் எதுவும் வராது, வெறும் "எல்" போட வேண்டும். கோடு, புள்ளிகளை விட்டுவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. இந்த நாலு விதி தெரிந்தால் போதும், "இல்லை" என்று நினைத்த நூல்கள் வரிசையாக வரும்.

#9 – இரவல்சீட்டு

எல்லோரும் பட்டியலையே பேசுகிறீர்கள். மேசையில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார், அவரை விட்டுவிட வேண்டாம். வாசகருக்கு வழிகாட்டுவது நூலகப் பணியில் தனிப் பயிற்சி உள்ள துறை.

ஆனால் கேட்கும் விதம் முக்கியம். "நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கள்" என்றால் அவருக்குத் துப்பு எதுவும் கிடைக்காது. இப்படிப் போங்கள்: பிடித்த மூன்று நூல்கள். பிடிக்காமல் பாதியில் வைத்த ஒன்று, எந்த இடத்தில் ஏன் வைத்தீர்கள் என்பதோடு. இப்போது எவ்வளவு நேரம் இருக்கிறது, கனமானது வேண்டுமா லேசானதா. பிடிக்காத நூலைப் பற்றிய தகவல்தான் அவருக்கு அதிகம் உதவும். பிடித்த நூல்களுக்குப் பல காரணம் இருக்கலாம், வைத்துவிட்ட நூலுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்.

நான்சி பேர்ல் என்ற அமெரிக்க நூலகர் ஒரு நூலுக்குள் நுழைய நான்கு வாசல்கள் என்பார்: கதை, பாத்திரம், களம், மொழி. பிடித்த மூன்று நூல்களிலும் எந்த வாசல் அகலமாக இருந்தது என்று பாருங்கள். பொருள் தலைப்பு ஒன்றாக இருந்தும் அடுத்த நூல் ஏமாற்றுவது இதனால்தான். மொழிக்காகப் படித்த கடல் நாவலுக்குப் பின், கதையோட்டத்துக்காக எழுதப்பட்ட கடல் நாவலை எடுத்தால் கையில் நிற்காது. பட்டியலுக்குப் பொருள் தெரியும், நடை தெரியாது. நூலகருக்கு இரண்டும் தெரியும்.

நான்சி பேர்ல் சொன்ன இன்னொரு விதியும் பயனுள்ளது: 50 பக்கம் படித்தும் பிடிக்காவிட்டால் வைத்துவிடலாம். 50 வயதைத் தாண்டியவர்கள் 100இலிருந்து தம் வயதைக் கழித்துக்கொள்ளலாம், 70 வயதுக்காரர் 30 பக்கம் படித்தால் போதும். இரவல் நூலுக்கு இது நன்றாகப் பொருந்தும். திருப்பிக் கொடுப்பதில் இழப்பு எதுவும் இல்லை.

#10 – நீலஅட்டை

வரிசைஎண் என்னைத் திருத்தியதை ஒப்புக்கொள்கிறேன், இரவலில் உள்ளவற்றையும் பார்க்க வேண்டும்தான். புனைவுக்கு என் வழி தொகைநூல்கள். 505 புலத்தில் கதைத் தலைப்பும் ஆசிரியர் பெயரும் இருக்கும். ஒரு தொகுப்பில் இருபது பேர் எழுதியிருந்தால், இருபது நாவல் எடுக்காமல் இருபது நடையைச் சுவைபார்த்துவிடலாம். பிடித்த இரண்டு பேரை மட்டும் ஆசிரியர் புலத்தில் தேடுங்கள். தொகுப்பாசிரியரின் முன்னுரையைத் தவறவிடாதீர்கள், யாரை ஏன் சேர்க்கவில்லை என்று அதில் எழுதியிருப்பார்கள். சேர்க்கப்படாதவர்களும் நல்ல பட்டியலே. பல நாட்டுக் கதைத் தொகுப்புகள் 808.83இல் இருக்கும்.

அபுனைவில் பின்பக்க நூற்பட்டியல். ஒரே பொருளில் இரண்டு நூல்களை எடுத்து, இரண்டிலும் வரும் தலைப்புகளைக் குறியுங்கள். இரண்டு ஆசிரியர்களும் தவிர்க்க முடியாமல் தொட்ட நூல் அதுதான் என்று கொள்ளலாம்.

ஓர் எழுத்தாளர் பெயரை ஆசிரியர் புலத்துக்குப் பதிலாகப் பொருள் புலத்தில் போட்டுப் பாருங்கள். அவரைப் பற்றிய திறனாய்வு, வாழ்க்கை வரலாறு, நூலடைவு எல்லாம் வரும். திறனாய்வாளர் ஒப்பிட்டுப் பேசும் பெயர்கள் பொறுக்கியெடுக்க வேண்டியவை.

#11 – வாசல்படி

மின்நூல் செயலிகளில் "இதுபோன்றவை" என்று வருவதை நம்பலாமா? முன்பதிவு போட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறதே, அதற்கு ஏதாவது கணக்கு உண்டா?

#12 – வரிசைஎண்

"இதுபோன்றவை" பல வகை. நூலகர்கள் கையால் தொகுத்த பட்டியல் என்றால் நம்பலாம். "இதை எடுத்தவர்கள் இதையும் எடுத்தார்கள்" என்றால் எச்சரிக்கை தேவை. எல்லோரும் எடுக்கும் நூல் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். நீங்கள் முதலில் சொன்ன திரும்பத் திரும்ப வரும் தலைப்புகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

காத்திருப்புக் கணக்கு எளிது. உங்களுக்கு முன்னால் இருப்பவர்களைப் பிரதிகளால் வகுத்து இரவல் நாட்களால் பெருக்குங்கள். முன்னால் 12 பேர், 3 பிரதி, 14 நாள் இரவல் என்றால் 12 ÷ 3 × 14 = 56 நாள். இது ஒவ்வொருவரும் முழுக் காலமும் வைத்திருப்பார்கள் என்ற கணக்கு. அச்சு நூலாக இருந்தால் எடுக்க வராதவர்களுக்காக மேசையில் காத்திருக்கும் நாட்களையும் சுற்றுக்குச் சுற்று கூட்டுங்கள். மின்நூலிலும் வரிசை இருப்பதற்குக் காரணம், நூலகம் வாங்கும் பல உரிமங்கள் ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும் தர அனுமதிப்பவை.

பலர் செய்யும் தவறு, ஒரே நாளில் எட்டுப் பத்து முன்பதிவு போடுவது. எல்லாம் ஒரே வாரத்தில் வந்து விழும், படிக்க முடியாமல் பாதி திரும்பிப் போகும். "இடைநிறுத்து" வசதியைப் பயன்படுத்துங்கள். பல அமைப்புகளில் இடைநிறுத்தினாலும் வரிசையில் உங்கள் இடம் முன்னேறும், புத்தகம் மட்டும் உங்களைத் தாண்டி அடுத்தவருக்குப் போகும். நீண்ட வரிசை இரண்டு, குறுகிய வரிசை ஒன்று, உடனே கிடைப்பது ஒன்று என்று கலந்து வைத்தால் கை காலியாக இருக்காது.

#13 – பட்டியல்மேசை

தேடிய நூல் உங்கள் நூலகத்திலேயே இல்லையென்றால் இரண்டு வழி. அச்சில் இல்லாத பழைய நூல் என்றால் நூலகங்களுக்கிடையேயான இரவல் கேளுங்கள். புதிது என்றால் கொள்முதல் பரிந்துரைப் படிவம். அதில் தலைப்பு, ஆசிரியர், பதிப்பாளர், ஆண்டு, ஐஎஸ்பிஎன் (நூலின் தனி அடையாள எண்) ஐந்தையும் எழுதுங்கள். 2007 முதல் ஐஎஸ்பிஎன் 13 இலக்கம், அதற்கு முந்தைய நூல்களில் 10 இலக்கம் இருக்கும், இரண்டுமே செல்லும். வெறும் தலைப்பை மட்டும் எழுதினால் எந்தப் பதிப்பு என்று தெரியாமல் படிவம் கிடப்பில் போய்விடும்.

எடுக்கும் முன் பதிவில் 300 புலத்தில் பக்க எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரே நாவல் ஒரு பதிப்பில் 600 பக்கம், இன்னொன்றில் 180 என்றால் பின்னது சுருக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். மொழிபெயர்ப்பில் 041 புலத்தைப் பார்த்தால், மூலத்திலிருந்து நேராக வந்ததா, இடையில் வேறு மொழி வழியாக வந்ததா என்பது சில பதிவுகளில் தெரியும்.

#14 – இரவல்சீட்டு

@வாசல்படி, உங்கள் நூலகக் கணக்கில் "வாசிப்பு வரலாறு" அமைப்பையும் ஒருமுறை பாருங்கள். கோஹாவில் நூலகம் அனுமதித்திருந்தால் இரவல் வரலாற்றைச் சேமிக்கவும் அழிக்கவும் நீங்களே தேர்வு செய்யலாம். சேமித்தால் எதைப் படித்தோம் என்ற குழப்பம் இருக்காது. தனியுரிமை முக்கியம் என்றால் அணைத்துவிட்டு, ஓபேக்கிலேயே தனிப்பட்ட பட்டியல் ஒன்று தொடங்கி, பிடித்தவற்றை மட்டும் அதில் போடுங்கள். மேசைக்குப் போகும்போது அந்தப் பட்டியலைத் திறந்து காட்டினாலே போதும்.

#15 – வாசல்படி

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. நாவல்களின் பதிவில் பொருள் தலைப்பே இல்லாமல் "தமிழ் நாவல்" என்று மட்டும் இருந்தால் எங்கிருந்து தொடங்குவது?

#16 – பட்டியல்மேசை

பழைய பதிவுகளில் அப்படித்தான் இருக்கும். புனைவுக்குப் பொருள் தலைப்பு தேவையில்லை என்பதே நீண்ட கால வழக்கம். அமெரிக்க நூலகச் சங்கம் புனைவுக்கென வழிகாட்டி நெறிகளை வெளியிட்டதே 1990இல்தான். அதே நூலின் பதிவை ஓப்பன் லைப்ரரி என்ற இணையப் பட்டியலிலோ வேர்ல்ட்கேட்டிலோ திறங்கள். வேறொரு நூலகம் முழுமையாகப் பட்டியலிட்டிருக்கும். அங்கே கிடைக்கும் பொருள் தலைப்பை எடுத்து வந்து உங்கள் ஓபேக்கின் பொருள் புலத்தில் போடுங்கள். அங்கும் இல்லையென்றால் 894.81109 தட்டுக்குப் போய்த் தமிழ் இலக்கிய வரலாறு, நாவல் திறனாய்வு நூல்களின் பெயரடைவில் அந்த நாவலின் தலைப்பைத் தேடுங்கள். அது வரும் பத்தியில் கூடவே வரும் மற்ற நாவல்களை எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாக இருப்பைப் பாருங்கள்.